ஒரு பகலில் திரைப்பட நகரம்: சங்கத்தார் பிரயாணத்திற்கு ஒரு திட்டம்

ஆண்டுக்கொரு முறை அங்கத்தினர் குடும்பங்கள் ஒன்றுகூடி வெளியூர் சென்று வருவது எந்தச் சங்கத்திற்கும் நன்மை பயக்கும் காரியமாகும். அடுத்தடுத்த தறிகளில் இருபது ஆண்டுகள் நெய்தவர்கள் பேசிக்கொள்ளாத பேச்செல்லாம் ஓர் இரவு ரயில் பெட்டியில் பேசித் தீர்ந்துவிடும். ஆனால் எந்த ஊருக்குச் செல்வது என்னும் கேள்வி எழுந்தவுடன் பொதுக்குழு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பெரியவர்கள் திருப்பதி என்றும் இராமேசுவரம் என்றும் சொல்லுகிறார்கள். இளைஞர்களும் குழந்தைகளும் சினிமா நகரத்தைக் காண வேண்டும் என்கிறார்கள். அது ஆடம்பரம் என்று ஒரு சாராரும், உழைத்தவன் ஒரு நாள் களித்தால் குற்றமா என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர்.

இந்த வாதத்தில் நாம் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர்கள் அல்லர். கோயிலுக்குச் செல்வதும் நன்று. கேளிக்கைக்குச் செல்வதும் தவறன்று. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. நெசவாளி தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி இல்லை. விவசாயி ஊரை விட்டு நகர்ந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேறொருவர் வேண்டும். இத்தகையவர்கள் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையும், திரும்பக் கிடைக்காத வேலை நாட்களையும் கொடுத்து வாங்குகிற பகல் ஒன்று, வரிசையில் நின்றும், வழி தேடியும், காணாமற்போன குழந்தையை அழைத்துத் திரிந்தும் கழியுமாயின், அது எவருக்கும் சம்மதமாக இராது. அந்தப் பகலைக் காப்பாற்றுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இடம்

உதாரணத்திற்காக ஹைதராபாத் அருகே உள்ள இராமோஜி திரைப்பட நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத் நகரத்திலிருந்து விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், அப்துல்லாபூர்மேட்டை அடுத்து இது அமைந்திருக்கிறது. 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பரப்பு 1,666 ஏக்கர். உலகிலேயே மிகப் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. 1,666 ஏக்கர் என்றால் எவ்வளவு என்பதை நமது விவசாய அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்தைந்து ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர்கள் முந்நூற்று முப்பது பேருடைய நிலங்களை ஒன்றாகச் சேர்த்தாற் போன்றது அது. அவ்வளவு நிலத்தையும் ஒரே பகலில் நடந்து பார்த்துவிட முடியுமா என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதனை நிறுவியவர் இராமோஜி ராவ். கிருஷ்ணா ஜில்லாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1936இல் பிறந்தவர். 1962இல் சீட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1974இல் 'ஈநாடு' நாளிதழை ஆரம்பித்தார். பின்னர்ச் சினிமாத் தயாரிப்பில் இறங்கினார். ஒரு தயாரிப்பாளர் கதையுடன் உள்ளே நுழைந்தால் முடிந்த படத்துடன் வெளியே வரலாம் என்னும்படி, அரங்கு, வீதி, தோட்டம், தங்கும் விடுதி, தொழிற்கூடம் ஆகிய அனைத்தையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். 2024ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி காலமானார்.

இங்கே நாம் மறவாமல் மனத்திற் கொள்ள வேண்டியது, இந்நகரம் இரு வேடம் பூண்டது என்பதாகும். ஒருபுறம் இது வேலை நடக்கும் தொழிற்சாலை; மறுபுறம் டிக்கெட் வாங்கியவர் சுற்றிப் பார்க்கும் பொழுதுபோக்குப் பூங்கா. படப்பிடிப்பு நடக்கும் இடத்திற்குள் பார்வையாளரை அனுமதிக்கமாட்டார்கள். ஆகவே, நடிகர் ஒருவரை நேரிற் காணலாம் என்னும் ஆசையுடன் குழந்தைகளை அழைத்துச் செல்லக்கூடாது. காணப்போவது காட்சிக்காகக் கட்டிய வீதிகளையும் மாளிகைகளையுமே என்பதை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் சென்றால் ஏமாற்றத்திற்கு இடமில்லை.

எந்தக் காலம்?

தீபாவளிக்கு முந்திய மாதங்களில் நெசவாளிக்கு மூச்சு விட நேரம் இராது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் விவசாயி வயலை விட்டு அகல முடியாது. தைப் பொங்கல் வரையில் சம்பா அறுவடை. சித்திரை, வைகாசியிலோ ஹைதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெட்டவெளியிலுள்ள அரங்குகளை அந்த வெயிலில் முதியவர்கள் சுற்றி வருவது உடம்புக்குத் தீங்கு. டிசம்பர் கடைசி வாரத்திலும், சங்கராந்தி, தசரா விடுமுறைகளிலும் கூட்டம் மிகுதி.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது தை பிற்பகுதியும் மாசி முற்பகுதியுமே. அறுவடை முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிராது. அதிலும் சனி, ஞாயிறுகளை விலக்கி, செவ்வாய் அல்லது புதன் கிழமையை வைத்துக்கொள்வது உத்தமம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் படிப்புத் தடைப்படுமே என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அந்த ஆண்டு விலகியிருப்பதே நல்லது. மற்றப் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியரிடம் முன்னரே அனுமதி பெற்றுக்கொள்ளலாம்.

வந்திறங்கிய நாளைக் கணக்கிற் சேர்க்கலாகாது

திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சென்னையில் மாலையில் ரயில் ஏறினால் காலையில் ஹைதராபாத். குளித்து முடித்து நேரே திரைப்பட நகரம். மாலையில் திரும்பவும் ரயில் என்று காகிதத்தில் எழுதும்போது இலாபமாகத் தோன்றும். நடைமுறையில் ரயில் ஒரு மணி தாமதித்தாலே போதும். குளியல், காலை உணவு, முப்பது கிலோமீட்டர் சாலைப் பிரயாணம் எல்லாம் முடிந்து வாசலை அடையும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். ஒரு பகலின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மாலையிலும் அப்படியே. ஐந்தரை மணிக்கு மூடும் இடத்திலிருந்து நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு, ஆறு ஏழு மணிக்குப் புறப்படும் ரயிலைப் பிடிப்பது நடவாத காரியம்.

ஆதலின், முதல் நாள் மாலை புறப்பாடு. இரண்டாம் நாள் காலை சேர்ந்து ஓய்வு. மூன்றாம் நாள் திரைப்பட நகரம். நான்காம் நாள் திரும்புதல். ஐந்தாம் நாள் காலை சொந்த ஊர் என்று வைத்துக்கொள்வதே சரியான முறை. முழு நாட்கள் மூன்றும், முன்னும் பின்னுமாக அரை நாட்கள் இரண்டும் ஆக நான்கு நாள் கூலி இதனால் போகிறது. இதனை மறைக்காமல் பொதுக்குழுவில் எடுத்துச் சொல்ல வேண்டும். நான்கு நாள் கூலியைக் கொடுத்து ஒரு பகலை வாங்குகிறோம் என்று தெரிந்தவரே அப்பகலின் அருமையை உணர்வார்.

தங்குமிடத்தை நகரத்தின் கிழக்குப் பகுதியில், விஜயவாடா சாலையை ஒட்டியே தேடிக்கொள்ள வேண்டும். நாம்பள்ளி என்று வழங்கும் ஹைதராபாத் ரயில் நிலையத்தின் அருகிலிருந்து எல். பி. நகர் வரை மெட்ரோ ரயில் ஒரே பாதையாகச் செல்கிறது. மூட்டை முடிச்சுடன் நகர நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. எல். பி. நகரிலோ அதற்கு அப்பால் ஹயாத்நகரிலோ தங்கினால், மறுநாள் காலை நகரத்தைக் குறுக்கே கடக்கும் வேலை மிச்சம். சங்கமே பஸ் அமர்த்திக்கொண்டு நெல்லூர், ஓங்கோல், நல்கொண்டா ஜில்லா வழியாகச் செல்லுமாயின், ஹைதராபாத்துக்குள் நுழையும் முன்பே திரைப்பட நகரம் வந்துவிடும். ஆனால் ஒரே டிரைவரை இரவு பகல் ஓட்டச் சொல்வது பெரும் பிழை. இரண்டு டிரைவர்கள் இல்லாத பஸ்ஸை அமர்த்தவே கூடாது.

வந்திறங்கிய நாளின் பிற்பகலை நமது நெசவாளர்கள் பயன்படுத்திக்கொள்ள அருகிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அது போச்சம்பள்ளி. நூலைக் கட்டிச் சாயம் தோய்த்து, பாவிலும் ஊடையிலும் சித்திரம் எழும்படி நெய்யும் கலைக்குப் பெயர் போன ஊர். புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி விநோபா பாவே இவ்வூருக்கு வந்தபோது, நிலமற்றவர்களுக்காக இராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் நிலத்தைத் தானமாக அளிக்க, பூமிதான இயக்கம் பிறந்தது. நெசவாளரும் விவசாயியும் ஒருங்கே அறிந்துகொள்ளத் தக்க ஊர் என்பதற்கு வேறு என்ன வேண்டும்? அன்று இரண்டு மணி நேரம் இங்கே கழித்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அனைவரும் படுத்துவிட வேண்டும்.

ஐந்நூற்றுப் பத்து நிமிஷங்கள்

திரைப்பட நகரம் வழக்கமாகக் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடப்படுகிறது. விழாக் காலங்களில் இரவிலும் விளக்கு அலங்காரங்களுடன் நடைபெறுவதுண்டு. நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், டிக்கெட் பதிவு செய்யும் அன்றே இரண்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் கிடைப்பது எட்டரை மணி நேரம். அதாவது 510 நிமிஷங்கள். பாவு ஓடுவதற்கு முன் எத்தனை புடவை, எத்தனை கஜம் என்று கணக்கிடுகிறோம் அல்லவா? அதே கணக்கை இந்த 510 நிமிஷங்களுக்கும் போட்டுப் பார்ப்போம்.

நுழைவு, பை சோதனை, வாசலிலிருந்து நடு இடத்திற்கு நிர்வாகத்தாரின் பஸ்ஸில் செல்லுதல் ஆகியவற்றிற்கு 50 நிமிஷம் ஒதுக்கலாம். வாசலுக்கும் நடு இடத்திற்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம் உண்டு என்பதைப் புதிதாகச் செல்பவர் அறியமாட்டார். பஸ்ஸில் அரங்குகளையும் தோட்டங்களையும் சுற்றி, ஆங்காங்கே இறங்கிப் பார்த்து வர 150 நிமிஷம். சினிமா எடுக்கும் விதத்தைக் காட்டும் அரங்கும் அதனுடன் சேர்ந்த மற்ற இரண்டும் பார்க்க 90 நிமிஷம். மேடை நிகழ்ச்சிகள் இரண்டிற்கு 70. மதிய உணவுக்கு 50. ஆக மொத்தம் 410.

மீதி நூறு நிமிஷம் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். இடத்துக்கு இடம் நடக்கவும், வரிசையில் நிற்கவும் 40. பிற்பகலில் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் நிழலில் அமர்ந்து ஓய்வெடுக்க 30. கடைசியில் ஒன்றுகூடி வெளியேற 30. நூறும் தீர்ந்தது. மிச்சம் ஒரு நிமிஷமும் இல்லை. பறவைப் பூங்கா, பட்டாம்பூச்சித் தோட்டம், குகை, பேய் வீடு, சாகச விளையாட்டுகள், குழந்தைகளுக்கான விளையாட்டிடம் ஆகிய எதற்கும் இக்கணக்கில் நேரம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் மற்றொன்றைக் கழித்தே தீர வேண்டும். இதனை அங்கே போய் நின்றுகொண்டு தீர்மானிப்பவர்கள், தீர்மானிப்பதிலேயே அரை மணியை இழப்பார்கள்.

எது முதலில், எது பின்னர்?

மூன்று விதிகளை மட்டும் மனத்திற் கொண்டால் போதும்.

முதலாவது: வெட்டவெளியில் உள்ளவற்றைக் காலையிலும், கூரையின்கீழ் உள்ளவற்றை நடுப்பகலிலும் பார்ப்பது. அரங்குகளைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் காலையிலேயே ஏறிவிட வேண்டும். ஹவா மஹால் தோட்டம், ஜப்பானியத் தோட்டம், இலண்டன் வீதி, வடநாட்டு வீதி, ரயில் நிலையம், விமான நிலையம், சிறைச்சாலை ஆகியவை இந்தச் சுற்றில் அடங்கும். வெயில் உச்சிக்கு வரும் வேளையில், சினிமா எடுப்பதைக் காட்டும் அரங்கினுள் இருந்தால் உடம்பும் தளராது.

இரண்டாவது: மணி குறித்து நடப்பவற்றை முதலில் எழுதிக்கொள்வது, மணி குறிக்காதவற்றை இடையிடையே நிரப்புவது. நடன நிகழ்ச்சியும், அமெரிக்கக் குதிரை வீரர் பாணியில் நடக்கும் சண்டைக் காட்சியும் குறித்த நேரத்தில் தொடங்குபவை. தவறினால் அடுத்த காட்சி வரை காத்திருக்க வேண்டும். நுழைந்தவுடன் அன்றைய நிகழ்ச்சி நேரங்களை அறிந்து, காரியதரிசி தம் திட்டத் தாளில் அவற்றை முதலில் குறித்துவிட வேண்டும். நிகழ்ச்சி தொடங்குவதற்குக் கால் மணி முன்னதாக இடம் பிடித்தால் முதியவர்களுக்கு உட்கார வசதி கிடைக்கும்.

மூன்றாவது: எல்லாரும் உண்ணும் நேரத்தில் உண்ணாதிருப்பது. ஒரு மணிக்கு உணவு விடுதிகளில் நிற்க இடம் இராது. காலை ஏழு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டவர்கள் பதினொன்றே முக்காலுக்கு மதிய உணவை முடித்துக்கொள்வது கடினமன்று. அவர்கள் உண்டு எழும்போது மற்றவர்கள் வரிசைக்கு வருவார்கள். மற்றவர்கள் உண்ணும்போது நம்மவர்கள் கூட்டம் குறைந்த அரங்குகளுக்குள் நுழைவார்கள். வெளி உணவை உள்ளே கொண்டுசெல்லும் வழக்கம் இத்தகைய பூங்காக்களில் இல்லை. கட்டுச் சோறு கட்டிக்கொண்டு போய் வாசலில் வாதாடி நேரம் இழக்க வேண்டாம். குழந்தைகளுக்கான பால், நோயாளிகளுக்கான மருந்து, பத்தியம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்துப் பேருக்கு ஒரு தலைவர்

நாற்பது பேர் ஒரே கும்பலாக நகர்ந்தால், ஒருவர் குழாயடிக்குச் சென்றால்கூட முப்பத்தொன்பது பேர் நிற்க வேண்டும். நாற்பதைப் பத்துப் பத்தாக நான்கு குழுக்களாகப் பிரிப்பதே முறை. குடும்பங்களைப் பிரிக்கலாகாது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு தலைவர், பொறுப்பான ஒரு பெண்மணி, நல்ல நடையுள்ள ஓர் இளைஞர் ஆகிய மூவரும் இருக்க வேண்டும். தலைவரிடம் பத்துப் பேரின் பெயர்ப் பட்டியலும், கைபேசி எண்களும் எழுத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. மின்சாரம் தீர்ந்த கைபேசி வெறும் கண்ணாடித் துண்டுதான்.

வழிகாட்டிகள் தெலுங்கிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் சொல்லுகிறார்கள். இதற்காக நமது சங்கங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் உண்டு. அவர்களுள் ஒருவரைக் குழுவுக்கு ஒருவராக அமைத்துவிட்டால், பாட்டி பேசுகிற மொழி அன்றைக்குப் பத்துப் பேருக்குத் துணையாகும். தெலுங்கு தெரிந்தவர்கள் அனைவரும் ஒரே குழுவில் சேர்ந்து, மற்ற மூன்று குழுக்களும் வாய் பேசாதவர்களாய் நிற்பது எத்தனை பேதைமை!

கூடும் இடமும் கூடும் நேரமும் அனைவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வாசலிலிருந்து வரும் பஸ் இறக்கிவிடும் நடு இடத்திற்கு யுரேகா என்று பெயர். மதியம் பதினொன்றரைக்கும் மாலை ஐந்து மணிக்கும் யுரேகாவில் கூடுவது என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே வழி தவறினாலும் 'யுரேகா' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் எவரும் வழி காட்டுவார்கள். குழந்தைகளுக்கு இந்தச் சொல்லை ரயிலிலேயே கற்பித்துவிட வேண்டும். குழந்தையின் சட்டைப் பையில் தந்தையின் எண்ணும் சங்கத்தின் பெயரும் எழுதிய சீட்டு ஒன்று இருப்பது அவசியம்.

குழுவின் வேகம் எது? முழங்கால் வலியுள்ள பாட்டியின் வேகமே குழுவின் வேகம். இளைஞர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். அதற்குப் பரிகாரமாக, பிற்பகல் ஓய்வு நேரத்தில் இளைஞர்கள் தங்களுக்குள் ஒரு குழுவாகச் சேர்ந்து சாகச விளையாட்டுகளுக்கோ பேய் வீட்டுக்கோ சென்று வரலாம். அரை மணி கழிந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பெரியவர்களுக்கு நிழல், சிறியவர்களுக்கு ஓட்டம், ஒருவர் விருப்பத்துக்காக மற்றவர் துன்பப்படவில்லை.

எதை விடுவது?

பிரயாணத்திற்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு கூட்டம் கூட்டி, எதை விடுவது என்பதை வாக்கெடுத்துத் தீர்மானிக்குமாறு யோசனை கூறுகிறோம். எதைப் பார்ப்பது என்று கேட்டால் எல்லாவற்றையும் என்றுதான் பதில் வரும். எதை விடலாம் என்று கேட்டால்தான் மனிதர் யோசிப்பர். கைக்குழந்தைகள் மிகுந்த சங்கம் சண்டைக் காட்சியை விட்டுப் பறவைப் பூங்காவைச் சேர்த்துக்கொள்ளலாம். இளைஞர் மிகுந்த சங்கம் தோட்டங்களில் இறங்காமல் பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தை விளையாட்டுகளுக்குத் தரலாம். இதில் பெண்களின் வாக்கும் தவறாமல் எடுக்கப்பட வேண்டும். நடைமுறையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் அவர்களே அல்லவா?

தொழிலாளியின் கண்

நமது அங்கத்தினர்களுக்கு இந்நகரம் மற்றவர்களுக்குத் தராத ஒரு பயனையும் தரும். விமான நிலையமாகக் காட்சி தரும் கட்டடத்தைச் சுற்றி வந்தால், அதன் வேறொரு முகம் வேறொரு கட்டடமாகத் தோன்றக் காணலாம். ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகை கதைக்குக் கதை மாறுகிறது. பாகவதக் காட்சிகளுக்கென்று அமைத்த அரண்மனையில் பொன்னெனத் தோன்றுவது வண்ணப் பூச்சு. கருங்கல் தூணைத் தட்டினால் உள்ளே வெறுமை ஒலிக்கும். 2015லும் 2017லும் வெளிவந்த 'பாகுபலி' படங்களுக்காக எழுப்பிய மாகிழ்மதி அரண்மனையின் பகுதிகளும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அதனை வடிவமைத்தவர் சாபு சிரில். தமிழ்ப் படங்களிலும் பெயர் பெற்ற கலை இயக்குநர்.

இவற்றைப் பார்த்து, எல்லாம் பொய் என்று சிரித்துவிட்டு வருவது எளிது. ஆனால் அந்தப் பொய்யைச் செய்த கைகள் பொய்யல்ல. தச்சர், கொல்லர், சுதை வேலைக்காரர், வண்ணம் தீட்டுபவர், தையற்காரர் ஆகிய நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பே அங்கே தூணாக நிற்கிறது. திரையில் கால் நாழிகை தோன்றும் அரசவைக்கும் யாரோ ஒருவர் துணி நெய்து, யாரோ ஒருவர் சாயம் தோய்த்திருக்கிறார்.

சினிமா எடுக்கும் விதத்தைக் காட்டும் அரங்கில், வந்தவர்களில் சிலரை மேடைக்கு அழைத்து நடிக்கச் செய்து, படம் பிடித்து, ஒலியைத் தனியே சேர்த்து, முடிந்த காட்சியைக் கடைசியில் எல்லாருக்கும் காட்டுகிறார்கள். நகராத வண்டி திரையில் விரைந்து ஓடுகிறது. குளம்பொலி வேறெங்கிருந்தோ வந்து சேர்கிறது. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கண்ணால் கண்டது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்கும் பழக்கம் ஒரு குழந்தைக்கு ஏற்பட்டுவிட்டால், அந்தப் பழக்கம் கைபேசியில் வரும் படங்களைப் பார்க்கும்போதும் அதற்குத் துணை செய்யும். ஆகையால், வேறு எதனை விட்டாலும் இந்த அரங்கை விட வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

பணமும் கணக்கும்

பிரயாணச் செலவுக்காகச் சங்கத்தின் பங்குத் தொகையையோ, அங்கத்தினரின் சிக்கன நிதியையோ தொடுவது கூடாது. தனியாக ஒரு பிரயாண நிதி ஏற்படுத்த வேண்டும். உதாரணமாக, நாற்பது பேர் மாதம் 300 ரூபாய் வீதம் பத்து மாதம் செலுத்தினால் ஆளுக்கு 3,000 ரூபாயும், மொத்தம் 1,20,000 ரூபாயும் சேரும். ரயில் கட்டணம், தங்குமிடம், உள்ளூர் வண்டி, நுழைவு டிக்கெட், உணவு என்று ஐந்து தலைப்புகளில் செலவைப் பிரித்து எழுதி, பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு வைத்துவிட்டு, மீதிக்குள் திட்டம் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் இன்னும் இரண்டு மாதம் பொறுத்துச் செல்லலாம். கடன் வாங்கிச் செல்ல வேண்டாம்.

நுழைவு டிக்கெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. விலை உயர்ந்த வகையில் தனி பஸ், உணவு முதலிய வசதிகள் சேர்ந்திருக்கும். அதனை ஆடம்பரம் என்று உடனே தள்ளிவிடாமல், சாதாரண டிக்கெட்டுடன் உணவின் விலையைக் கூட்டி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கூட்டமாக வருபவர்களுக்குச் சலுகை உண்டா, குழந்தைக் கட்டணம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பவற்றையும் எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும். ஒரே சங்கத்தில் சிலர் உயர்ந்த டிக்கெட்டும் சிலர் சாதாரண டிக்கெட்டும் வாங்குவது மட்டும் வேண்டாம். வாசலில் பிரிந்த மனம் ஊர் திரும்பியும் சேராது.

திரும்பி வந்த ஒரு வாரத்திற்குள் வரவு செலவுக் கணக்கைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மீதித் தொகையை அவரவர் பெயரில் திருப்பி வரவு வைக்க வேண்டும். எந்த நேரத்தில் எங்கே தாமதம் ஏற்பட்டது, எதை விட்டது நல்லதாயிற்று, எதை விட்டிருக்கக் கூடாது என்பவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்து வரும் சங்கத்திற்கு அது நமது கட்டுரையைக் காட்டிலும் பயன்படும்.

இன்னும் ஒரு விஷயம் உண்டு. நாற்பது குடும்பங்கள் ஊரை விட்டுச் செல்லும்போது, மாடுகளுக்குத் தீவனம் வைக்கவும், தறிக் கூடங்களைப் பார்த்துக்கொள்ளவும், படுக்கையில் உள்ள முதியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தரவும் சிலர் ஊரில் தங்கியே ஆக வேண்டும். பிரயாணத்தின் பெருமையெல்லாம் சென்று வந்தவர்களுக்கே சேர்ந்துவிடுகிறது. தங்கியவர்களை எவரும் நினைப்பதில்லை. இவ்வாண்டு தங்கியவர்களுக்கு அடுத்த பிரயாணத்தில் முதல் இடம் என்று, டிக்கெட் வாங்குவதற்கு முன்னரே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிட்டுவிட வேண்டும்.